கடலைக் குடிநீராக்கிய அண்ணனும் நான் சொல்லாமல் விட்ட பதிலும்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிறது. படத்துக்கு மாலை போட வரும் உறவினர்கள் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் ஒன்றையே கேட்கிறார்கள்: "அந்த அணு எடத்துல வேலை செஞ்சதாலதான இப்டி ஆச்சு?" இல்லை. அண்ணன் தம் உயிரைவிடப் பெரிதாக நினைத்த வேலை இந்தக் கேள்வியில் அடிபடுகிறது. அதனால் அவருடைய இந்த நினைவு மலரில் வழக்கமான புகழுரையை விட்டுவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் சிற்றூரில்தான் அண்ணன் பிறந்தார். பங்குனியிலேயே எங்கள் கிணற்றில் அடி தெரிந்துவிடும். போர்வெல் போட்டதில் உப்புத் தண்ணீர் வந்தது. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. பள்ளிக்குப் போகும் முன் அண்ணன் சைக்கிளில் இரண்டு குடங்களைக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போவார். அம்மாவும் கூடப் போன ஒருநாள், அந்த ஊர்க் குழாயடிச் சண்டையில் அம்மாவின் குடத்தை யாரோ எட்டி உதைத்துவிட்டார்கள். அம்மா அழவில்லை. அண்ணன்தான் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தார்.

பாலிடெக்னிக் முடித்ததும் கடற்கரையில் அணுமின் நிலையத்தோடு சேர்ந்த ஓர் ஆலையில் அவருக்கு வேலை கிடைத்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. "தண்ணி செய்யற வேலம்மா" என்று மட்டும் வீட்டில் சொன்னார். அணு என்பதை வாயில் எடுக்கவே இல்லை. அது தெரிந்த அன்று அம்மா சாப்பிடவில்லை.

"அந்த நெருப்பு தண்ணில எறங்காதாடா?" என்று கேட்டார் அம்மா.

அண்ணன் அடுப்பில் இருந்த இட்லிக் குண்டானின் மூடியைத் தூக்கிக் காட்டினார். "இதுல ஒட்டிக்கினு இருக்கு பாரு, இந்தத் தண்ணியத்தான் நாங்க புடிக்கறோம். அடுப்புக் கரி இதுல ஏறிச்சா? அங்க கொதிக்க வைக்கிற ஆவி வேற கொழாய், கடல் தண்ணி வேற கொழாய். ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாது. அதுக்கு மேல, சோதிச்சுப் பாத்துட்டுத்தான் வெளிய வுடுவோம்."

முதல் விடுப்பில் அந்தத் தண்ணீரைப் பத்து லிட்டர் கேனில் கொண்டு வந்தார். காய்ச்சி வடித்த தண்ணீர் என்று கேள்விப்பட்ட அப்பா, விடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு போய் டிராக்டர் பேட்டரியில் ஊற்றிவிட்டார். எங்கள் பக்கத்தில் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கடையில் வாங்குவது அதற்குத்தான். "கடைல வாங்கறத எம்புள்ள சும்மா கொண்டாந்துட்டான்" என்று தெருவெல்லாம் பெருமை வேறு! அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த விடுப்பிலும் ஒரு கேன் வந்தது. அவர் பிடிவாதம் அப்படி.

சித்தப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "கடல் எங்க கீது, நம்ம கள்ளக்குறிச்சி எங்க கீது? உன் தண்ணி நமக்கு இன்னாத்துக்குடா?" என்றார்.

"பட்டணத்துக்காரன் கடலக் குடிச்சா, நம்ம கெணத்தாண்ட டேங்கர் லாரிய வுடமாட்டான் சித்தப்பா" என்றார் அண்ணன். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் அறிவியல் ஆசிரியை. நீர் ஆவியாவதையும் குளிர்ந்து திரும்ப நீராவதையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள். நான் முதல் குழந்தைக்கு முழுகாமல் இருந்தபோது, ஊர்த் தண்ணீர் எனக்கு ஆகாது என்று அண்ணன் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி, கேனைத் தோளில் சுமந்து கொண்டுவந்து தருவார். அவர் தலை மறைந்ததும் நான் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். குடையை மறந்து வைத்துவிட்டுப் போனவர் ஒருநாள் பாதி வழியில் திரும்பி வந்தார். கேன் என் கையில் கவிழ்ந்திருந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "என் புள்ளைங்க ரெண்டும் இதக் குடிச்சுத்தான் வளருதுங்க பாப்பா" என்றார். பிறகு, "பயமா இருந்தா எங்கிட்ட கேளு. கேக்காம கொட்டாத" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று மாலை முழுக்க உட்கார்ந்து, என் சந்தேகங்களை எல்லாம் ஒரு கடிதத்தில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. அதற்குப் பிறகு குடித்தேன். என் மகன் நன்றாகப் பிறந்தான்.

ஓய்வு பெற்றதும் அண்ணன் ஊரோடு வந்துவிட்டார். சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, மலைப் பள்ளிகளில் இட்லிக் குண்டானை வைத்து இதே பாடத்தை நடத்தினார். கடலையே பார்க்காத பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி மகிழ்வார். அப்படி மலையிலிருந்து இறங்கிய ஒருநாள்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இதயக் குழாயில் அடைப்பு என்றார்கள் மருத்துவர்கள்.

மருத்துவமனைக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் போய்ட்டா ஊரு இன்னா சொல்லும்னு எனக்குத் தெரியும் பாப்பா. அப்ப நீ பேசணும்" என்றார். பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

காரியத்தன்று பந்தலில் சாப்பிட்டு எழுந்த சித்தப்பா, எல்லார் காதிலும் விழும்படி, "தண்ணி தண்ணின்னான், அந்த எடமே அவன முழுங்கிட்டுது" என்றார். பத்து ஊர் உறவு அங்கே இருந்தது. அண்ணி என் முகத்தைப் பார்த்தார். பெரியவரைச் சபையில் எதிர்த்துப் பேசுவதா என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவுக்காக இந்த ஓராண்டில் நான் வெட்கப்படாத நாள் இல்லை.

கடைசி வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தகவல் கேட்டதும் வேன் பிடித்து வந்த ஆலை நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், மலையிலிருந்து தினையும் தேனும் சுமந்து வந்து அழுத, பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

சித்தப்பா, உங்களுக்கும் நன்றி. குரலைத் தாழ்த்தாமல் எல்லார் முன்னும் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். இந்த மலரின் முதல் பிரதியை உங்கள் வீட்டுக்கு நானே எடுத்து வருகிறேன். அன்று பந்தலில் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: உங்கள் அண்ணனான எங்கள் அப்பாவும் இதே நெஞ்சுவலியில்தான் போனார். அப்பா கடலைக்கூடப் பார்த்ததில்லை.