எதிர் டீம் தூக்கிய பாடை

அண்ணன் மஞ்சள் காமாலையில் போனபோது அவனுக்கு இருபத்தொரு வயது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூர் அல்சூரில் குடியிருந்தோம். பகலில் மில் வேலை, சாயங்காலம் வெறுங்காலில் ஃபுட்பால், அவ்வளவுதான் அவன் வாழ்க்கை. விளையாட்டுக்காக அம்மாவிடம் திட்டு வாங்காத நாளில்லை.

கல்யாணமாகாத பிள்ளை செத்தால், வாழைக்கன்றுக்குத் தாலி கட்டவைத்த பிறகே எடுப்பது எங்கள் வழக்கம். பெரியப்பா கன்றோடு வந்து நின்றார். அப்போது பச்சை ஜெர்சியில் பதினொரு பேர் தெருவுக்குள் வந்தார்கள். அன்று அண்ணனின் டீமோடு ஃபைனல் ஆட வேண்டியவர்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அவர்களுடைய கேப்டன் கன்னடக்காரர். அம்மாவிடம் தமிழிலேயே சொன்னார். "நாங்க தூக்குறோம்மா. மூணு வருஷமா இவனைப் பிடிக்க எங்களால ஆகல."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாழைக்கன்னை அப்பால வைங்க மாமா. எம்புள்ளைக்கு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தாச்சு," என்றாள்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அம்மா நிற்கவில்லை, மைதானம்வரை நடந்தாள். அவன் எந்தப் பக்கம் ஆடுவான் என்று கேட்டாள். இடது ஓரத்தைக் காட்டினார்கள். அங்கே பாடையைக் கொஞ்ச நேரம் இறக்கி வைக்கச் சொன்னாள். இரண்டு டீமும் சுற்றி நின்றன.

தாலி கட்டாமல் அனுப்பிவிட்டோம் என்று பெரியம்மா கடைசிவரை குறை சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் ஒன்றுதான் கேட்டேன்.

"எதிர் டீம்காரன் தோள்ல போன மாப்பிள்ளை இந்தத் தெருவுல வேற எவன் இருக்கான், சொல்லுங்க."