நன்மை வாங்காத ஞாயிறுகள்

துடியலூர் சூசையம்மாளுக்கு வந்த துன்பம் அவள் கையாலேயே வந்தது. தொண்ணூற்று மூன்றில் ஒருநாள், பீரோவுக்கு அடியில் வெள்ளைத் தோலில் தைத்த ஏப்ரன் ஒன்று கிடைத்தது. அழுக்காக இருக்கிறதே என்று சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள். அது சுட்ட அப்பளமாகச் சுருங்கிப் போயிற்று.

“ஏனுங் சூசக்கா, உங்கூட்டுக்காரரு மில்லு வேலைய உட்டுப்போட்டு சமையலுக்குப் போறாருங்களா?” என்று பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு தெருவைச் சுற்றிப் பங்குச்சாமியார் காதுக்குப் போனது. ஃப்ரீமேசன் என்னும் இரகசியச் சங்கத்தார் கட்டுகிற ஏப்ரன் அது என்று அவருக்குத் தெரியும். சூசையம்மாளின் கணவர் ஜெரோமைக் கூப்பிட்டனுப்பினார். அவளும் கூடப் போனாள்.

“ஆமாங்க சாமி, ரெண்டு வருசமாப் போறேன். அங்க நடக்கறதச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“திருச்சபை அதை ஏத்துக்கறதில்ல ஜெரோம். அதை விடற வரைக்கும் நீ பூசையில நன்மை வாங்கக் கூடாது.”

“எங்கப்பன் லட்சுமணசாமிக் கவுண்டர் தோட்டத்துல பண்ணையாளுங்க. இன்னிக்கு அந்தக் கவுண்டரு அங்க எம்பக்கத்துல உக்காந்து சாப்புடறாரு. என்னைய பிரதருங்கறாரு. நம்ம கல்லறையில கூட எங்க சனத்துக்குத் தனி மூலைதானுங்களே சாமி?”

சாமியார் தலைகுனிந்தார். “அது நம்ம பாவம்ப்பா. ஆனா சட்டத்தை நான் மாத்த முடியாது.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நன்மை நேரத்தில், சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போவார்கள், பெஞ்சுகள் காலியாகும். ஜெரோம் மட்டும் உட்கார்ந்திருப்பார். அவரைத் தனியே விட்டுப் போகச் சூசையம்மாளுக்கு மனம் வரவில்லை.

“நீ போ அம்மணி.”

“முழங்கால் வலிக்குதுங்க,” என்று அவளும் உட்கார்ந்துவிடுவாள். சிறுவயதில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து ஒரு வாரம்கூட விடாதவள். எல்லாரும் வாங்கித் திரும்புகையில் கண்ணை மூடிக்கொள்வாள்.

இப்படியே நாலு வருடம் போயிற்று. ஜெரோமுக்குச் சிறுநீரகம் கெட்டது. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். சூசையம்மாள் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“மோட்சத்துலயும் உங்க பக்கத்துல உக்காரோணுமுங்க. உட்டுப்போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க.”

அவர் சாமியாரைக் கூப்பிடச் சொன்னார். சாமியார் வந்ததும், “உட்டுப்போட்டேனுங்க சாமி,” என்றார். பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். நன்மையும் வாங்கினார். சூசையம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

மறுநாள் சாத்துக்குடிப் பையோடு லட்சுமணசாமிக் கவுண்டர் வாசலில் வந்து நின்றார். “பிரதர் எப்படியிருக்காரு அம்மணி?”

ஜெரோம் உள்ளேயிருந்து வேண்டாம் என்று கையை ஆட்டினார். “அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?” என்று முனகிவிட்டுப் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

“தூங்கறாருங்க,” என்றாள் சூசையம்மாள்.

கவுண்டர் அவளையும் கதவையும் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். “சரிங்க அம்மணி. எழுப்ப வேண்டாம்.”

அவர் தெருமுனை திரும்பியபின் அவள் மாதா படத்தின் முன் மண்டியிட்டாள். கேட்டதைக் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். போர்வைக்குள் அவர் விசும்பும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அவளுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.