கொள்ளிச்சட்டியோடு பாதி வழி

அப்பாவின் பாடைக்கு முன்னால் கொள்ளிச்சட்டியோடு நடந்துகொண்டிருந்தபோது முதலில் காது அடைத்தது. பிறகு கண் இருட்டியது. திருமலைராயன்பட்டினத்தில் சித்திரை வெயில், தார் ரோட்டில் வெறுங்கால். சுடுகாட்டுக்குப் பாதி வழிகூட ஆகவில்லை. நான் தள்ளாடுவதைப் பார்த்த தம்பி சட்டியை வாங்கிக்கொண்டான். அவன் அப்பாவைப் போலவே கடலுக்குப் போகிறவன். மூத்தவன் நான் வைக்க வேண்டிய கொள்ளியை அவன்தான் வைத்தான். அந்த நேரத்தில் எனக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

வெப்பத் தளர்ச்சி (சூட்டைத் தணிக்க முடியாமல் உடல் சோர்ந்து விழுவது) என்றார் மருத்துவர். இதயத்தில் கோளாறு இல்லை, சர்க்கரையும் இல்லை. என் அன்றாடத்தைக் கேட்டார். காரைக்காலில் ஏசி அறையில் எழுந்து, ஏசி காரில் போய், ஏசி அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருவதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“கடைசியா எப்ப ஒங்களுக்கு நல்லா வேர்த்துச்சு?” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். வருடக்கணக்கில் பின்னால் போக வேண்டியிருந்தது.

ஊரில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். அப்பா மேல் வைத்த பாசத்தில் மயங்கிவிட்டேனாம். துக்கம் கேட்க வந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவைத் தேற்றினார்கள். நான் பக்கத்திலேயே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன், மறுக்கவில்லை. செத்துப்போன அப்பாவை வைத்து நல்ல பெயர் வாங்கியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கருமாதி முடிந்த மறுநாள், தம்பியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் தைத்துக்கொண்டிருந்த வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்ண்ணே. சட்டிய வாங்குறப்ப ஒங்க மொகத்தப் பாத்தேன். நெழலு எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருந்தீங்க. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

மருத்துவர் சொன்னபடி மாலை வெயிலில் பத்து நிமிட நடையில் தொடங்கினேன். மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டினேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், வீறாப்பு வேண்டாம். முதல் வாரம் தலை வலித்தது. மூன்றாம் வாரம் முதுகில் வேர்வை ஓடியது. இத்தனை வருடம் நான் முடக்கிப் போட்டிருந்த உடம்பு, இரண்டே மாதத்தில் மன்னித்துவிட்டது. அவ்வளவு கொஞ்ச நாள்தான் தேவைப்பட்டிருக்கிறது என்பது இன்னும் உறுத்துகிறது.

போன வாரம் ஊருக்குப் போய், எங்கள் வீட்டிலிருந்து சுடுகாடுவரை நடந்தேன். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.