திரும்ப வாங்கிய சத்துமாவு

ஒத்தக்கடையில் வீட்டிலேயே குழந்தைகளுக்கான சத்துமாவு அரைத்து விற்கிறேன். ஏழு வருடமாக விளம்பரமே செய்ததில்லை. வாங்கிய தாய்மார்கள் சொல்லித்தான் மற்றவர்கள் வந்தார்கள். போன வருடம் ஆசைப்பட்டு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டேன். ஆர்டர்கள் குவிந்தன. அவசரத்தில் நிலக்கடலையில் சொத்தையைப் பொறுக்காமலே வறுத்து அரைத்து அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் வாடிப்பட்டியிலிருந்து என் பழைய வாடிக்கையாளர் ஸ்டெல்லா டீச்சர் போன் செய்தார்.

"அக்கா, மாவு கசக்குது. நல்லவேளை, நான் வாயில வச்சுப் பாத்தேன். பிள்ளைக்கு இன்னும் குடுக்கல."

உடனே கடலைச் சாக்கைப் பிரித்தேன். மீதமிருந்த கடலையைக் கிளறினால் பூஞ்சை. எல்லோருக்கும் போன் செய்து, "குடுக்காதீங்க, நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றேன். இரண்டு நாள் பஸ் மாறி மாறி அலைந்தேன். ஒரு வீட்டு வாசலில், "பச்சப்பிள்ளை சாப்பிடுறதுல இம்புட்டு அலட்சியமா?" என்று ஒரு தாய் கேட்டார். எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது கடைசிப் பாக்கெட்டை வாங்கிய பிறகுதான் உறுதியானது. திரும்பும்போது பஸ்சிலேயே அழுதுவிட்டேன்.

புதியவர்களில் பெரும்பாலோர் மறுபடி வாங்கவில்லை. ஸ்டெல்லா டீச்சர் அடுத்த மாதம் கூப்பிட்டு, "எனக்கு ரெண்டு கிலோ, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிலோ. நீங்க வீடு வீடா வந்து வாங்கிட்டுப் போனதச் சொன்னேன், அவங்களும் கேக்குறாங்க" என்றார்.

விளம்பரத்தை எடுத்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் கஞ்சி காய்ச்சி நான் குடித்துப் பார்த்த பிறகே பாக்கெட் போடுகிறேன். என் கையால் பொறுக்க முடிந்ததற்கு மேல் யார் கேட்டாலும், "அடுத்த வாரம் தாரேன்" என்று சொல்லிவிடுகிறேன்.