பிழையில்லாத வம்சம்

விருத்தாசலத்தில் எங்கள் பங்காளி சுப்புராயனைப் போல் குறை கண்டுபிடிக்க ஆள் கிடையாது. ஒரு செராமிக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் அவருக்குச் சம்பளமே அதற்குத்தான். சூளையிலிருந்து வரும் பீங்கான் பியூஸ்களை விரல் முட்டியால் தட்டுவார். 'டிங்' என்றால் நல்லது, 'டொக்' என்றால் விரிசல். விரிசல் விட்டதில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுக் கழிவுக் குவியலில் எறிவார். 2005-ல் ஓய்வு பெற்றார், கை ஓயவில்லை. குழம்பில் உப்பு, கண்டக்டர் டிக்கெட் கிழித்த விதம், என் மூக்கு என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அறிவழகன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போனதும் அவருக்கு வம்சப் பைத்தியம் பிடித்தது. ஏழு தலைமுறையையும் அதில் ஏற்றி, பிளெக்ஸ் பேனராக அடித்து, மாசியில் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் படையல் போடும்போது கட்ட வேண்டும். அதற்குத் தோதான சாப்ட்வேரைத் தேடினார். பெண் தேடக்கூட அவர் இந்தப் பாடு பட்டதில்லை. அக்காவின் ஒரே மகள் ஆதிலட்சுமி இருந்தாள், கட்டிக்கொண்டார்.

ஆதிலட்சுமி கேட்டது ஒன்றே ஒன்று.

"மாமா, எங்கம்மா பேரயும் எம்பேரயும் சேத்துப் போட்டுடுங்க. அது போதும்."

அவள் அம்மா வீராயிக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. பெயர் இருந்த ஒரே இடம் ரேஷன் கார்டு. செத்ததும் அதிலும் அடித்துவிட்டார்கள். தாயில்லாத தம்பி சுப்புராயனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"இத நீ சொல்லணுமா?" என்றார் சுப்புராயன்.

முதல் சாப்ட்வேர் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அவரவர் அப்பா பெயரைப் போட்டார். அப்பன் வேறு குடும்பம், மகன் வேறு குடும்பம் என்று பிரித்து வைத்தது. பாகப்பிரிவினை செய்யக் கோர்ட்டுக்கு இருபது வருடம் ஆகும். இதற்கு ஒரு நிமிடம்தான் ஆனது. டொக். இரண்டாவது, பத்து நாள் இலவசம் என்று கூப்பிட்டு, பதினோராம் நாள் எங்கள் முன்னோர் அத்தனை பேரையும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது. டொக்.

மூன்றாவதைப் பார்த்ததும் மனிதர் சொக்கிப்போனார். காரணம், அது குறை கண்டுபிடித்தது! பிறந்த தேதி இல்லாவிட்டால் சிவப்பு. அப்பனைவிட மகன் மூத்தவன் என்று போட்டால் சிவப்பு.

"இதுதான்டா செக்கரு" என்று என்னிடம் பூரித்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்பு. ஐந்து மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் களைந்தார். தேதி தெரியாத பாட்டன்மாருக்கெல்லாம் சித்திரை ஒன்று பிறந்தநாளானது. கடைசியில் ஒரே ஒரு சிவப்பு நின்றது. அது அவருடைய கல்யாணம். மனைவி, உடன்பிறந்தவளின் மகளாக வருகிறாள், சரிபார்க்கவும் என்றது. அக்கா மகளைக் கட்டுவது எங்கள் பக்கம் ஊரறிந்த வழக்கம். அந்த சாப்ட்வேரைச் செய்த வெள்ளைக்காரனுக்குத் தெரியுமா? தெரியாது. நம் ஆளுக்குத் தெரியுமே! "இருந்துட்டுப் போவட்டும்" என்று விட்டிருக்கலாம். சிவப்பை அப்படியே விட அவருக்குக் கை வராது. பேனர் அடிக்கக் கொடுக்கிற அன்று, வீராயிக்கும் ஆதிலட்சுமிக்கும் நடுவில் இருந்த கோட்டை அழித்தார். சிவப்பு போய்விட்டது. காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

பிள்ளையில்லாதவர்களின் பெயருக்குக் கீழே அந்த சாப்ட்வேர் தானாக ஒரு வரி சேர்க்கும். அதையும் அவரே தமிழாக்கி பிளெக்ஸ் கடையில் கொடுத்தார். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தார். யார் பெயருக்குக் கீழே இருக்கிறது என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை.

படையலன்று பேனரைக் கட்டியதும் கூட்டம் மொய்த்தது. அவரவர் பெயரைத் தேடி, அடுத்தவன் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் மூன்றாம் கிளையில் என்னைக் கண்டுபிடித்து மகிழ்ந்தேன். ஆதிலட்சுமி பொங்கல் பானையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையோடு வந்து அம்மாவைத் தேடினாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

வீராயி. வாரிசு இல்லை.

"மாமா, எங்கம்மா மலடியா?"

கூட்டம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

"இல்ல லட்சுமி… நம்ம கல்யாணத்த அது தப்புன்னு காட்டிச்சு. அத எடுக்கத்தான்…"

"அதுக்கு எங்கம்மாவ அறுத்து வுட்டியா? ஒன்ன இடுப்புல சொமந்தவள?"

ஒரு நாளும் அவள் அவரை ஒருமையில் பேசியதில்லை.

சுப்புராயன் பேனரைப் பார்த்தார். ஏழு தலைமுறையில் ஒரு குறை இல்லை. பிறகு படையல் தட்டில் குழைத்து வைத்திருந்த குங்குமத்தில் விரலைத் தோய்த்தார். முப்பத்தோரு வருடம் கழிவுக்கு மட்டுமே சிவப்புக் கோடு போட்ட கை அது. வீராயியிலிருந்து ஆதிலட்சுமி வரைக்கும் இழுத்தார். கோடு கோணலாகப் போய் மூன்றாம் கிளையில் என் பெயரை முழுசாக மறைத்துவிட்டது.

கோடு காயும்வரை யாரும் கை வைக்காதபடி நான் பேனரை மறித்து நின்றேன்.