சிலுவை கீறிய பன்

சாந்தி மேரிக்கும் ஒரு மேசை கிடைத்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டால்தான் ஊரின் யோக்கியதை தெரியும்: பந்தலுக்கு வெளியே, பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவரோரம்.

எண்பத்திரண்டாம் வருஷம். இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பிய ஒன்பது பிள்ளைகளுக்குக் கம்பி வைத்த பூட்ஸ் வாங்க, பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் பலகார விற்பனை ஏற்பாடு செய்திருந்தார். வீட்டுக்கு ஒரு பலகாரம், விற்ற காசு பிள்ளைகளுக்கு. எல்லா வீட்டுக்கும் சொல்லச் சொன்னார். கோயில் கமிட்டித் தலைவர் செல்வநாதன் கீழத்தெருவை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார்.

சாந்தி மேரி கீழத்தெருக்காரி. புருஷன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் செத்ததும் அரியலூர் ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போனாள். அங்கே கூட்டிப் பெருக்குகிறாள் என்றுதான் ஊர் நினைத்தது. அவளும் திருத்தவில்லை. மேசை கேட்டுப் போனவளைச் செல்வநாதன் வாசலிலேயே நிறுத்தினார்.

"உனக்கு எதுக்கும்மா இந்த வேலை? ரெண்டு ரூவா காசாப் போட்டுட்டுப் போ. ஆண்டவர் ஏத்துக்குவார்."

"பன்னையும் ஏத்துக்குவாருங்க."

"அவரு ஏத்துக்குவார். சனங்க வாயில வைக்கணுமில்ல?"

அந்தச் சொல்தான் அவளைத் தைத்தது. இந்த ஊர் தன் கையிலிருந்து வாங்கித் தின்பதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். நேரே சிஸ்டரிடம் போய்க் கேட்டாள்; சிஸ்டர் கொடுக்கச் சொன்ன மேசையைச் செல்வநாதன் பந்தலுக்கு வெளியே போட வைத்தார்.

கடை முதலாளி லப்பைக்குடிக்காட்டு பாய். மாவை அசல் விலைக்குத் தந்து அடுப்பையும் விட்டுக்கொடுத்தார். இருநூறு பன். ஒவ்வொன்றின் தலையிலும் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல். கீறினால்தான் சூட்டில் கண்டபடி வெடிக்காது. அது அவள் கைப்பழக்கம்.

பதினோரு மணிக்குப் பந்தலில் செல்வநாதன் மனைவி லீலா மேரியின் அதிரசம் தீர்ந்துவிட்டது. சாந்தி மேரியிடம் ஒரு பன்கூடப் போகவில்லை. இரண்டு பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். கழிப்பறை நாற்றத்துக்கு அல்ல, பன் மணத்துக்கு.

வேடிக்கை பார்க்க வந்த செல்வநாதன் கூடையைப் பார்த்ததும் நின்றார். செவ்வாய்தோறும் அந்தோணியார் கெபியில், அந்தக் குகை போன்ற சிறு கோயிலில், மந்திரித்த பன் கொடுப்பது அவர் உபயம். அரியலூரிலிருந்து மூட்டையாக வரும். ஊரே இரண்டு கையேந்தி வாங்கிக் கண்ணில் ஒற்றித் தின்னும்.

"இது அந்தோணியார் பன்னில்ல? என் உபயத்துலயே கை வச்சிட்டியா?" ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "எல்லாரும் பாருங்க. சிலுவை போட்டிருக்கு. கோயில் பன்னு. திருடி எடுத்தாந்து விக்கிறா."

கூட்டம் கூடியது.

"பார்வைக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்" என்றாள் சாந்தி மேரி. "தின்னு பாத்துச் சொல்லுங்க."

பாதிப் பன்னைக் கடித்து மென்று விழுங்கினார். "அதேதான். ஆறு வருஷமாத் திங்கிறேன், என் நாக்குக்குத் தெரியாதா?"

"தெரியணும்ங்க. ஆறு வருஷமாப் பிசைஞ்சு சுட்டது நான்தான். பாயி கடையில வேற ஆள் கிடையாது, போயிக் கேளுங்க. தின்னதுக்கு எட்டணா வச்சிட்டுப் போங்க."

ஒருத்தி காறித் துப்பினாள். ஆறு வருஷத்தையும் துப்பிவிட முடியுமா?

செல்வநாதன் குரலைத் தாழ்த்தினார். "கூடையை மூடு. மொத்தத்துக்கும் நான் காசு தரேன். இடத்தைக் காலி பண்ணு."

நூறு ரூபாய். பிள்ளைகளுக்குத்தானே என்று ஒரு கணம் மனசு ஆடியது. பிறகு சொன்னாள்: "தூக்கிட்டுப் போயிக் குழியில கொட்டுவீங்க. ஆளுக்கு ரெண்டுதாங்க."

வாங்க மறுத்தால் பன் தீட்டென்று ஆகிவிடும். பன் தீட்டென்றால் அதைத் தின்று நேர்ந்த நேர்த்தியெல்லாம் தீட்டு. லீலா மேரிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்தது அந்தப் பன்னில்தான். ஊரில் வீட்டுக்கு வீடு அப்படி ஒரு கணக்கு இருந்தது. எல்லாரும் லீலா மேரியைப் பார்த்தார்கள். அவள் வந்தாள். ஒரு ரூபாயை மேசையில் விட்டெறிந்தாள்.

"ரெண்டு எடுத்து வை."

"மேசையில வைக்க மாட்டேங்க. கையை நீட்டுங்க."

நீட்டினாள். கண்ணில் கொலைவெறி. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒரு மணிக்குக் கூடை காலி. அன்றைக்கு அதிகம் விற்றது கழிப்பறைச் சுவரோர மேசைதான் என்று சிஸ்டர் மைக்கில் சொன்னபோது யாரும் கை தட்டவில்லை.

அடுத்த செவ்வாய் கெபிக்குப் பன் பெரம்பலூரிலிருந்து வந்தது. தலையில் சிலுவை இல்லை. அங்கே யார் மாவு பிசைகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.