தோல் நாக்கு

அன்று பாகூர்க் கொல்லைக் கிணற்றடியில் இருந்தவர்கள் நாலு பேர்தான்: நான், என் மனைவி, அவள் தம்பி, பக்கத்துக் கொல்லைப் பெரியவர். அங்கே நின்ற அதையும் ஐந்தாவதாக எண்ணுவதா வேண்டாமா என்று முடிவு பண்ண எனக்கு இன்றைக்கும் துணிச்சல் இல்லை.

மச்சான் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து, சண்டை முடிந்து திரும்பியவன். பாரிசில் ஒரு கூடத்தில் உடைந்த நாற்காலியையும் வாளியையும் சேர்த்துக் கட்டிச் சிலை என்று நிறுத்தியிருந்தார்களாம். "நம்ம கொல்லையில இல்லாத சாமானா மாமா?" என்று முந்தின நாள் அவனும் ஒன்று கட்டினான். வண்டிச் சக்கரத்து ஆரக்கால்கள் கால், மக்கிய கலப்பை உடம்பு, இரண்டு அரிவாள் கை. தலைக்கு, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் இரும்புச் சால். சாலின் தோல் வால் முன்னால் நாக்காகத் தொங்கியது. அந்தச் சால் பெரியவரிடம் நான் இரவல் வாங்கியது. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன்.

காலையில் நடவுக்குப் போன பெண்கள் அந்த நாக்கைப் பார்த்துவிட்டார்கள். நாங்கள் போவதற்குள் குங்குமம் வைத்து, வேப்பிலை செருகி, கற்பூரமும் ஏற்றியாகிவிட்டது.

கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. சாலைக் கழற்றக் கை நீட்டினேன். பாதியில் இழுத்துக்கொண்டேன். கற்பூரம் காட்டியதில் கை வைத்து, வீட்டில் அம்மை போட்டுவிட்டால்? மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

"வாணாங்க, தொடாதீங்க," என்றாள் அவள்.

மச்சான் சிரித்தான். "இன்னா மாமா, நேத்து நான் கட்டுன சாமானுக்கா இன்னிக்கு நடுங்குற?" அவனே கழற்றப் போனான். மனைவி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எனக்கு ஒண்ணு ஆச்சின்னா நீ பாப்பியாடா?"

சிரிப்பு நின்றது. உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் பெரியவர் வந்தார். "எங்கடா என் சாலு?"

காட்டினேன். அவர் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது.

"நீங்களே எடுத்துக்குங்க பெரிப்பா."

"ஏண்டா, எனுக்கு மட்டும் வூட்ல புள்ளகுட்டி இல்லியா? கை வெக்க மாட்டேன். வெலையக் குடு. பன்னெண்டு ரூவா. ஆத்தா எதிர்ல பேரம் பேசாத."

சரி என்று ஒப்புக்கொண்டேன்.

குடத்தில் மொண்டு ஊற்றியே பாதிக் கரும்பைப் பிழைக்க வைத்தோம். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தொடாததால்தானோ என்ற பயத்தில் அப்புறமும் நான் தொடவில்லை. வெட்டின கரும்பில் பெரியவருக்கு ஐந்து ரூபாய்தான் கொடுக்க முடிந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளும் கேட்கவில்லை. ஆனால் அதன் எதிரில் ஒப்புக்கொண்ட விலை அது. அது நிற்கும் பக்கம் போகும்போதெல்லாம் தலை குனிந்துதான் போகிறேன்: பாக்கி ஏழு ரூபாய்.